‘நாட் ஃபவுண்ட்’: லினக்ஸ் எங்கே தேடுகிறது?

(தரங்கம்பாடியில் கணினி மாணவர்கள் முன்னிலையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிரல் கம்பைல் ஆகிவிட்டது. எரர் இல்லை, வார்னிங்கூட இல்லை. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் திரையில் ஒரே ஒரு வரி வந்து நிற்கிறது: ‘எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்: லிப்கிராஃப்.எஸ்ஓ.1: கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி.’ லினக்ஸில் சி எழுதத் தொடங்கும் மாணவர் என்றைக்காவது ஒருநாள் இந்த வரியில் வந்து முட்டிக்கொள்வார். முட்டிக்கொண்டதும் நிரலைத் திறந்து, அரைப்புள்ளி எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று மேலிருந்து கீழாகத் தேடத் தொடங்குவார். அங்கே தேடிப் பயனில்லை. நிரல் சரியாகத்தான் இருக்கிறது. கம்பைலர் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. இந்தச் செய்தியைச் சொல்வது வேறொரு நிரல். அதன் பெயர் வகுப்பறையில் அதிகம் அடிபடுவதில்லை.

அந்த நிரல் எதைத் தேடுகிறது, எந்த வரிசையில் தேடுகிறது என்று தெரிந்துவிட்டால், இந்த எரருக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

தமிழ்நாட்டில் சி படித்த ஒரு பெரிய கூட்டம் டர்போ சி-யின் நீலத் திரையில்தான் படித்தது. போர்லாண்ட் நிறுவனம் அதை வெளியிட்டது 1987-இல். விண்டோஸ் எத்தனையோ முறை மாறிய பிறகும் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டருக்குள் வைத்து அதை ஓட்டிய ஆய்வகங்கள் உண்டு. டர்போ சி உண்டாக்கும் இஎக்ஸ்இ கோப்புக்குள் பிரிண்ட்எஃப், ஸ்கேன்எஃப் எல்லாமே வந்து உட்கார்ந்துவிடும். கோப்பை ஃபிளாப்பியில் போட்டு அடுத்த கணினிக்கு எடுத்துப்போனாலும் ஓடும். ஓடும் நேரத்தில் லைப்ரரியைத் தேடுவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை, ஒரே ஒரு பாடத்தைத் தவிர.

கிராஃபிக்ஸ் பாடம். வட்டம் வரைய வேண்டுமானால் முதலில் இனிட்கிராஃப் என்ற ஃபங்ஷனை அழைக்க வேண்டும். அதற்கு மூன்றாவதாக ஒரு பாதையைக் கொடுக்க வேண்டும். ‘சி:\\டிசி\\பிஜிஐ’ என்ற அந்தப் பாதை, அந்தத் தலைமுறைக்கு இன்னும் மனப்பாடம். இஜிஏவிஜிஏ.பிஜிஐ என்ற டிரைவர் கோப்பு இருக்கும் இடம் அது. நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கோப்பைத் தேடிப்போகும். கிடைக்கவில்லை என்றால் வட்டம் வராது. ‘பிஜிஐ எரர்: கிராஃபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு’ என்ற வரிதான் வரும். பாதையில் சாய்கோட்டை இரட்டையாகப் போடாமல் ஒற்றையாகப் போட்டுவிட்டால் இன்னும் மோசம். சாய்கோட்டை அடுத்து வரும் ‘டி’ டேப் ஆகிவிடும், அடுத்த சாய்கோட்டுக்குப் பின் வரும் ‘பி’ பேக்ஸ்பேஸ் ஆகிவிடும். இரண்டுமே சி மொழியில் செல்லுபடியாகும் குறியீடுகள் என்பதால் கம்பைலர் வாயே திறக்காது. கம்பைல் நேரத்தில் எல்லாம் சரி, ஓடும் நேரத்தில் கோப்பு இல்லை: லினக்ஸின் லைப்ரரி எரரும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

லினக்ஸ் இங்கே மாணவர் கைக்கு வந்தது மெல்ல மெல்லத்தான். சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் ஒரே கணினியில் சேர்ந்து வந்தது. பிறகு பலர் உபுண்டுவுக்குப் போனார்கள். பாஸ், உபுண்டு இரண்டுக்குமே அடித்தளம் டெபியன். ஆகவே இங்கே சொல்பவை இரண்டுக்கும் பொருந்தும்.

வந்தவர்கள் கிராஃபிக்ஸ் நிரல்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். லினக்ஸின் ஜிசிசி கம்பைலரில் டர்போ சி-யின் கிராஃபிக்ஸ்.ஹெச் கிடையாது. அந்த இடத்தை நிரப்ப லிப்கிராஃப் என்ற லைப்ரரி இருக்கிறது. அதன் 1.0.2 பதிப்பின் மூலநிரலை இறக்கி, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று படியில் நிறுவ வேண்டும். இந்தியக் கல்லூரிகளில் கைமாறிக் கைமாறி வந்த குறிப்பில் நான்காவதாகவும் ஒரு படி இருக்கும்: ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரில் உள்ள லிப்கிராஃப் கோப்புகளை /யுஎஸ்ஆர்/லிப் ஃபோல்டருக்குக் காப்பி செய்யவும்.’ ஏன் என்று குறிப்பில் இருக்காது. செய்தால் வேலை நடக்கும். எனவே கேள்வி கேட்காமல் எல்லோரும் செய்தார்கள். அந்தக் காப்பி தேவையே இல்லை என்பதுதான் வருத்தம்.

ஒரு மாணவி வட்டம்.சி என்ற நிரலை எழுதி, ஜிசிசி-க்குச் சின்ன ‘எல்’ போட்டு ‘கிராஃப்’ என்று சேர்த்துக் கம்பைல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உருவாகும் கோப்பு இஎல்எஃப் அமைப்பில் இருக்கும். அவர் எழுதிய கட்டளைகள் அதில் இருக்கும். வட்டம் வரையும் ‘சர்க்கிள்’ ஃபங்ஷன் இருக்காது. அதற்குப் பதில் ‘எனக்கு லிப்கிராஃப்.எஸ்ஓ.1 தேவை, லிப்சி.எஸ்ஓ.6 தேவை’ என்று ஒரு பட்டியல் மட்டும் இருக்கும். கூடவே இன்னொரு பெயர்: எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2. இதுதான் லோடர். மாணவி என்டர் தட்டியதும் லினக்ஸ் கெர்னல் முதலில் இந்த லோடரிடம் பொறுப்பைக் கொடுக்கிறது. லோடர் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு லைப்ரரியாகத் தேடி நினைவகத்தில் ஏற்றிய பிறகுதான் ‘மெயின்’ ஓடும். ஒன்று கிடைக்கவில்லை என்றாலும் லோடர் அங்கேயே நிறுத்திவிடும். மாணவியின் முதல் வரிகூட ஓடியிருக்காது.

பட்டியலைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. எல்டிடி என்று தட்டி நிரலின் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொரு லைப்ரரியின் பெயருக்கு எதிரே அது கிடைத்த இடம் வரிசையாக வரும். லிப்சி.எஸ்ஓ.6-க்கு எதிரே ஒரு முழுப் பாதை இருக்கும். லிப்கிராஃப்.எஸ்ஓ.1-க்கு எதிரே ‘நாட் ஃபவுண்ட்’ என்று இருக்கும். எரர் செய்தி, முதலில் தடுக்கிய லைப்ரரியை மட்டும்தான் சொல்லும். எல்டிடி காணாமல்போன அத்தனையையும் ஒரே மூச்சில் காட்டிவிடும். முதல் வரியில் லினக்ஸ்-விடிஎஸ்ஓ என்று ஒன்று கோப்பே இல்லாமல் நிற்கும். கெர்னலே நினைவகத்தில் வைத்துத் தருவது அது, பயப்பட வேண்டாம். முகம் தெரியாதவர்கள் கொடுத்த நிரலுக்கு மட்டும் எல்டிடி போடக் கூடாது. சில சமயம் அது நிரலையே இயக்கிப் பார்த்துவிடும். அப்படிப்பட்ட கோப்பை, இயக்காமல் படித்துக்காட்டும் ரீட்எல்ஃப் கொண்டு பார்ப்பதே பாதுகாப்பு.

லோடர் எங்கெல்லாம் தேடும்? மனம்போன போக்கில் தேடாது, வன்தட்டு முழுவதையும் துழாவாது. நிரலுக்குள்ளேயே பாதை எழுதியிருந்தால் அதைப் பார்க்கும். எல்டி-லைப்ரரி-பாத் என்ற சூழல் மாறியில் யாராவது பாதை கொடுத்திருந்தால் அதைப் பார்க்கும். அடுத்து /ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற குறிப்பேட்டைப் புரட்டும். கடைசியாக /லிப், /யுஎஸ்ஆர்/லிப். அவ்வளவுதான். இந்த நான்கில் ஒன்றிலும் இல்லையென்றால், கோப்பு அதே கணினியில் பக்கத்து ஃபோல்டரில் இருந்தாலும் லோடருக்கு அது இல்லாததுதான்.

இப்போது லிப்கிராஃப் கதைக்கு வருவோம். மேக் இன்ஸ்டால் அந்த லைப்ரரியை /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரில் வைத்தது. டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த ஃபோல்டர், லோடருக்காகப் பட்டியலிட்ட இடங்களில் ஏற்கெனவே ஒன்றுதான். ஆனால் லோடர் அந்த இடப் பட்டியலை நேராகப் படிப்பதில்லை. கேஷ் குறிப்பேட்டைத்தான் படிக்கிறது. குறிப்பேடு பழையது. புதிதாக ஒரு லைப்ரரி வந்திருப்பது அதில் பதிவாகவில்லை. பதிவு செய்யும் கட்டளையின் பெயர் எல்டிகான்ஃபிக். அதை, நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு ஒரே ஒரு முறை ஓட்டினால் குறிப்பேடு புதுப்பிக்கப்படும், வட்டம் திரையில் வரும். தலைமுறை தலைமுறையாகச் செய்த காப்பி வேலைக்குப் பதில் ஒரு சொல். காப்பி செய்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். /யுஎஸ்ஆர்/லிப் ஃபோல்டர், பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி-யின் ஆளுகையில் இருப்பது. அங்கே கையால் போட்டதை யார் போட்டார்கள், எந்தப் பதிப்பு என்று பின்னால் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை லிப்கிராஃபைப் புதிதாக நிறுவினால் புதியது ஓரிடத்திலும் பழையது ஓரிடத்திலுமாக இரண்டு இருக்கும்.

இன்னொரு குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது. ஜிசிசி-க்குப் பெரிய ‘எல்’ போட்டு லைப்ரரி இருக்கும் ஃபோல்டரைக் காட்டியாகிவிட்டது, பிறகும் ஏன் கிடைக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பெரிய ‘எல்’ கம்பைல் நேரத்துக்கு மட்டும். இணைப்பு முடிந்ததும் அதன் வேலை முடிந்தது. லோடருக்கு அந்தச் சேதி போவதே இல்லை.

இவ்வளவு சிக்கல் எதற்கு, டர்போ சி போல எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. தரங்கம்பாடியில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்வது எளிது. மிஷனரி சீகன்பால்கின் காலத்தில், 1713-இல், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தன. புதிய ஏற்பாடு இங்கே 1715-இல் அச்சாகி முடிந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக எழுத்து வார்த்தால் எந்த அச்சகமும் தாங்காது. கேஸ் என்ற ஒரே எழுத்துப் பெட்டியில் இருக்கும் கொம்பையும் காலையும் எடுத்துப் பக்கம் கோப்பார்கள். அச்சான பிறகு பிரித்துத் திரும்பக் கேஸில் போடுவார்கள். அடுத்த புத்தகத்துக்கும் அதே கொம்பு, அதே கால். ஷேர்டு லைப்ரரி அந்தக் கேஸ்தான். ஒரு லிப்சி வன்தட்டில் ஒரு முறைதான் இருக்கிறது. அதன் கட்டளைப் பகுதி நினைவகத்திலும் ஒரு முறைதான் ஏறுகிறது. நூறு நிரல் ஓடினாலும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன.

அதே அச்சகத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவை, தாளை அதிகம் தின்றன, தாளுக்கோ பஞ்சம். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். எழுத்து அதே ‘க’தான், ஆனால் பெரிய எழுத்தின் வரிக்குள் சிறியதைச் செருகினால் வரி இறுகாது, அச்சில் ஏற்றும்போது எழுத்து ஆடும். லைப்ரரியிலும் பதிப்பு மாறும்போது இதுதான் நடக்கிறது. ஃபங்ஷனின் பெயர் அதேதான், ஆனால் உள்ளே அளவுகள் மாறியிருக்கும். அதனால்தான் லைப்ரரியின் பெயரோடு ஓர் எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த எண்ணைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உபுண்டு 22.04-இல் தரவைச் சுருக்கி விரிக்கும் லைப்ரரியின் உண்மைக் கோப்பு லிப்இசட்.எஸ்ஓ.1.2.11. அதைச் சுட்டும் குறுக்கிணைப்பு ஒன்று, லிப்இசட்.எஸ்ஓ.1, நிரலின் பட்டியலில் பதிவாவது இந்தப் பெயர்தான், லோடர் தேடுவதும் இதைத்தான். மூன்றாவது, எண்ணே இல்லாத லிப்இசட்.எஸ்ஓ, இது கம்பைல் செய்பவருக்கு மட்டும், ‘-டெவ்’ என்று முடியும் பேக்கேஜில் வரும். நிரலை ஓட்ட மட்டும் வேண்டும் என்பவருக்கு டெவ் பேக்கேஜ் தேவையில்லை. கம்பைல் நேரத்தில் ‘கேனாட் ஃபைண்ட்’ என்று சின்ன ‘எல்’லோடு எரர் வந்தால், பெரும்பாலும் டெவ் பேக்கேஜ் இல்லை என்று பொருள். ஓடும் நேரத்தில் ‘கேனாட் ஓபன்’ என்று எண்ணோடு வந்தால் லோடரின் பிரச்சினை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மருந்தை மாற்றிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

முதல் எண் மாறினால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரலில் உலகமே பார்த்தது. அந்த மாதம் வந்த உபுண்டு 22.04, குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லின் 3.0 பதிப்புக்கு மாறியது. அதற்கு முன் கம்பைல் ஆன எத்தனையோ நிரல்கள் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 வேண்டும் என்று கேட்டன. கணினியில் இருந்ததோ லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3. பலர் குறுக்கு வழியில் போனார்கள்: 1.1 என்ற பெயரில் ஒரு குறுக்கிணைப்பைப் போட்டு 3-ஐச் சுட்டிவிட்டார்கள். லோடர் ஏமாறவில்லை. கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, ‘ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0 பதிப்பு இதில் இல்லை’ என்று வேறோர் எரரைக் கொடுத்தது. அது கொடுத்தது நல்லதுதான். கொடுக்காமல் ஓடியிருந்தால் கடவுச்சொல்லும் வங்கி விவரமும் போகிற பாதையில் எங்கே என்ன தப்பாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சரியான வழி, நிரலைப் புதிய லைப்ரரியோடு மறுபடி கம்பைல் செய்வது. மூலநிரல் இல்லையென்றால் அந்த நிரலின் புதிய பதிப்பை வாங்குவது.

பங்கிட்டுக்கொள்வதில் லாபமும் பெரிது, ஆபத்தும் பெரிது. 2014 ஏப்ரல் 7-ஆம் தேதி ஓபன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தபோது, ஓபன்எஸ்எஸ்எல்லைப் பங்கிட்டுப் பயன்படுத்திய சேவைகளில் ஓட்டையை அடைக்க, லைப்ரரியைப் புதுப்பித்து மறுபடி தொடங்கினாலே போதுமாக இருந்தது. லைப்ரரியை உள்ளே வைத்துக் கம்பைல் செய்தவர்கள் ஒவ்வொரு நிரலையும் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. பத்து ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், இதன் மறுபக்கம் தெரிந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் லிப்எல்இசட்எம்ஏ லைப்ரரியில், 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் யாரோ களவுக் கதவு வைத்திருந்தார்கள். குறி, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை. அந்தச் சேவைக்கான ஓபன்எஸ்எஸ்ஹெச் நிரலை எழுதியவர்கள் அந்த லைப்ரரியைக் கேட்டதே இல்லை. சில லினக்ஸ் வகைகளில் லிப்சிஸ்டம்டி என்ற இன்னொரு லைப்ரரி வழியாக அது தானாக உள்ளே வந்திருந்தது. உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அந்தக் களவுக் கதவைக் கண்டுபிடித்தார். இப்படிக் கேட்காமல் உள்ளே வரும் லைப்ரரியும் எல்டிடி காட்டும் பட்டியலில் தெரியும். அதைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் நல்லது.

லோடர் தேடும் இடங்களில் ஒன்றைச் சொல்லும் எல்டி-லைப்ரரி-பாத் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. இந்த எரருக்கு முதலில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இதுதான். ஒரு வரி, எரர் போய்விடும். சோதித்துப் பார்க்க நல்ல கருவி, சந்தேகமில்லை. அந்த வரியை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதி வைப்பதுதான் தவறு. அன்றுமுதல் டெர்மினலில் ஓடும் எல்லா நிரலும் கேஷ் குறிப்பேட்டுக்கு முன்பே அந்த ஃபோல்டரில் போய்த் தேடும். அங்கே வேறொரு லைப்ரரியின் பழைய பதிப்பு கிடந்தால், நேற்றுவரை ஓடிய நிரல் இன்று சம்பந்தமே இல்லாமல் நின்றுபோகும். சூடோ போட்டால் இந்த மாறி கழன்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ‘சாதாரணமாக ஓடுகிறது, சூடோ போட்டால் அதே எரர்’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

நிரலும் அதன் லைப்ரரியும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்து பயணம் செய்ய வேண்டுமென்றால், கம்பைல் செய்யும்போதே ஆர்பாத் என்ற பாதையை நிரலுக்குள் எழுதிவிடலாம். அதில் டாலர் குறியோடு ஆரிஜின் என்று எழுதினால் ‘நிரல் எங்கே இருக்கிறதோ அங்கே’ என்று லோடர் புரிந்துகொள்ளும். ஷெல் அந்த டாலரை விழுங்கிவிடாமல் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். ப்ராஜெக்டைப் பென்டிரைவில் எடுத்துப்போய்க் காட்ட வேண்டிய மாணவருக்கு இது நல்ல வழி.

காணாமல்போனது பொதுவாகக் கிடைக்கும் லைப்ரரி என்றால் இவ்வளவும் வேண்டாம். ஏபிடி-ஃபைல் என்ற கருவியிடம் லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால் அது எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று சொல்லும். அதை நிறுவினால் எல்டிகான்ஃபிக்கும் தானாக ஓடிவிடும். இணையத்தில் முகம் தெரியாத இடத்திலிருந்து ஓர் எஸ்ஓ கோப்பை இறக்கிப் போடுவது, விண்டோஸில் டிஎல்எல் மிஸ்ஸிங் என்று வந்ததும் கண்ட தளத்திலிருந்து டிஎல்எல் இறக்குவதைப் போன்ற அதே ஆபத்து. லிப்சி.எஸ்ஓ.6-ஐ மட்டும் கையால் மாற்றவோ நகர்த்தவோ கூடாது. அது நகர்ந்த மறுநொடி எல்எஸ், சிபி, சூடோ எதுவும் ஓடாது. எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன.

கடைசியாக, மாணவர்களை அதிகம் வாட்டும் ஒரு வகை. வீட்டில் உபுண்டு 22.04, கல்லூரி ஆய்வகத்தில் 20.04. வீட்டில் கம்பைல் செய்து பென்டிரைவில் கொண்டுபோன நிரல், ஆய்வகத்தில் ‘ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’ என்று நிற்கிறது. ‘ஹலோ வேர்ல்ட்’ நிரலே இப்படி நிற்கும். ஜிலிப்சி என்பது லிப்சி.எஸ்ஓ.6-ஐத் தரும் சி லைப்ரரி. 2021 ஆகஸ்டில் வந்த அதன் 2.34 பதிப்பு, மெயினை அழைக்கும் தொடக்க ஃபங்ஷனுக்கே புதிய பதிப்பு எண் கொடுத்துவிட்டது. எனவே அதிலோ அதற்குப் பிந்தைய பதிப்பிலோ கம்பைல் ஆகும் எந்த நிரலும் அந்த எண்ணைக் கேட்கும். 22.04-இல் இருப்பது 2.35, ஆய்வகத்தின் 20.04-இல் இருப்பது 2.31. லோடர் லிப்சி.எஸ்ஓ.6-ஐக் கண்டுபிடித்துவிட்டது, உள்ளே தேவையான பதிப்புதான் இல்லை. இங்கே எல்டிகான்ஃபிக் உதவாது, பாதை மாற்றுவதும் உதவாது. ஆய்வகத்தின் லிப்சியைப் புதுப்பிக்க முயல்வது எல்லாவற்றையும்விட மோசம். பழைய ஜிலிப்சியில் கம்பைல் ஆனது புதியதில் ஓடும், புதியதில் ஆனது பழையதில் ஓடும் என்ற உறுதி இல்லை. ஆகவே பென்டிரைவில் வட்டம்.சி-யை எடுத்துப்போய் ஆய்வகக் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும். பல கணினிகளுக்குக் கொடுக்க வேண்டிய நிரலென்றால், அவற்றில் எது பழையதோ அதில் கம்பைல் செய்து மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டும்.